லவ்வும் மூவ்வும் ஏன் ஒட்டவில்லை: பனியனில் ஆங்கிலம் அடிப்பவருக்கு

கேள்வி நீளமாக இருந்தது, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வீட்டிலிருந்தபடியே டி-ஷர்ட் வியாபாரம் தொடங்கியிருக்கிறார். திருப்பூரில் வெறும் பீஸாக எடுத்து, பிரிண்டிங்கை வெளியே கொடுத்து, இணையத்தில் விற்கிறார். மார்பில் வரும் இரண்டு வரி ஆங்கில வாசகத்தை அவரே எழுதுகிறார். ஒரு வரி 'லவ்' என்றும் அடுத்த வரி 'மூவ்' என்றும் முடியும்படி எழுதி 100 பீஸ் அடித்ததில், வாங்கிய ஒருவர் "இது ரைமே இல்லையே" என்று எழுதிவிட்டாராம். இன்னும் 60 பீஸ் கையில் இருக்கிறது. கடைசி மூன்று எழுத்தும் ஒன்றாக இருக்கும்போது ரைம் எப்படி இல்லாமல் போகும் என்பது முதல் கேள்வி. உச்சரிக்காத எழுத்தை எதற்காக எழுதுகிறார்கள், ஆரஞ்சுக்கு ரைமே கிடையாது என்பது உண்மையா, டி-ஷர்ட், பனியன் என்பவற்றை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது, ரைம் இருந்தும் வரி நொண்டினால் என்ன செய்வது, அடிக்கும் முன் பிழை பார்ப்பது எப்படி, இதய வடிவத்தை எப்படி வாசிப்பது என்பவை மற்றவை.

நான் 14 வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்தவன். இப்போது பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு ஆர்ட்வொர்க்கில் இருக்கும் எழுத்தைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் வேலை. அதனால் இந்தக் கேள்விகள் எல்லாமே ஏதோ ஒரு நாள் என் மேஜைக்கு வந்தவைதான்.

முதலில் லவ், மூவ். தமிழ் படித்து வளர்ந்த நமக்கு எழுத்தின் மேல் ஒரு நம்பிக்கை உண்டு. பட்டம், சட்டம், வட்டம் என்று எழுதிப் பார்த்தாலே போதும், வாய்விட்டுச் சொல்லாமலே ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த நம்பிக்கையை வைத்துப் பிழைக்க முடியாது. அங்கே ரைம் முழுக்க முழுக்கக் காது சம்பந்தப்பட்ட விஷயம். ஓ, வி, இ என்ற மூன்று எழுத்தும் இரண்டு சொல்லிலும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் ஒன்றில் அந்த 'ஓ' குட்டையான 'அ' போலவும் இன்னொன்றில் நீளமான 'ஊ'வாகவும் ஒலிக்கிறது. உயிரொலி மாறிய இடத்திலேயே ரைம் செத்துவிட்டது. கண்ணுக்கு ஒட்டி, காதுக்கு ஒட்டாத இப்படிப்பட்ட ஜோடிக்கு ஆங்கிலத்தில் 'ஐ ரைம்' என்றே பெயர், அதாவது கண்ணுக்கு மட்டுமான ரைம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரைம் என்றால் எதுகை என்றுதான் நம்மில் பலர் சொல்கிறோம், நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது பாதிதான் சரி. எதுகை என்பது அடியின் அல்லது சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது, அதிலும் முதலெழுத்தின் நெடில் குறில் அளவு ஒத்திருக்க வேண்டும். பாடத்துக்கு மாடம் எதுகை, பட்டம் இல்லை. முதலெழுத்து ஒன்றினால் மோனை. அடியின் கடைசி ஒன்றினால் இயைபு. ஆங்கில ரைம் வரியின் கடைசியில் உட்காருவதால் இயைபுக்குத்தான் சொந்தக்காரன். ஆனால் ஒரு நிபந்தனை கூடுதலாக உண்டு. சொல்லில் கடைசியாக எந்த உயிரொலியின் மேல் அழுத்தம் விழுகிறதோ, அங்கிருந்து இறுதிவரை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் உள்ள மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். காட்டன், ராட்டன், ஃபர்காட்டன் மூன்றும் ரைம், ஏனென்றால் மூன்றிலும் அழுத்தம் விழும் இடத்திலிருந்து ஒரே ஓசை. பருத்தி பனியன் விற்கிறவருக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது, எடுத்துக்கொள்ளுங்கள்.

துணித் தொழிலில் புழங்கும் சொற்களையே எடுத்துப் பார்த்தால் இந்த விஷயம் நன்றாகப் பிடிபடும். ஷர்ட் என்பதற்கு டர்ட், ஹர்ட், ஃப்ளர்ட், அலர்ட், டெஸர்ட் எல்லாம் ரைம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் ஐ, ஒன்றில் யு, ஒன்றில் இ வரும், காதுக்கு எல்லாம் ஒன்று. டெஸர்ட் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பு, அதைத்தான் சொல்கிறேன். ஒரு 'எஸ்' குறைந்தால் அது பாலைவனம், அழுத்தமும் முன்னால் போய்விடும், ரைமும் போய்விடும். த்ரெட் என்பதற்கு பிரெட், ரெட், ஸெட், ஹெட். இதில் 'ஸெட்' என்பது 'சொன்னான்' என்று பொருள்படும் சொல், எழுத்தைப் பார்த்தால் ஸைட் அல்லது ஸேட் என்று படிக்கத் தோன்றும். உடுத்துவதைக் குறிக்கும் வேர் என்பதன் கடைசி மூன்று எழுத்தும் காது என்ற பொருள் தரும் இயர் என்பதும் ஒன்றேதான். ஆனால் வேர் போய் ஒட்டுவது ஹேர், பேர், தேர் ஆகியவற்றோடு. க்ளோத்ஸ் என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் சொல்லைப் பெரும்பாலான ஆங்கிலக்காரர்கள் சாதாரணப் பேச்சில் க்ளோஸ் என்றே விட்டுவிடுகிறார்கள், அதனால் அது ரோஸுக்கு ரைம்.

இந்தப் பட்டியலில் என் தனிப்பட்ட எதிரி தையலுக்கு உள்ள சொல். எஸ், இ, டபிள்யூ என்று எழுதுகிறார்கள். நியூ, ஃப்யூ, ட்யூ எல்லாம் அதே எழுத்தில் முடிகின்றன, ஆகவே 'ஸ்யூ' என்றுதான் சொல்வோம். உச்சரிப்பு 'ஸோ'. கோ, நோ, ஸ்லோ என்பவற்றோடு ரைம். போகட்டும் என்றால், தைக்கிறவரைக் குறிக்க அதனோடு 'இஆர்' சேர்த்தால் எழுத்தில் அப்படியே சாக்கடை என்ற சொல் வந்து நிற்கிறது. தையல் பயிற்சி வகுப்பு முடித்த பெண்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வாசகம் எழுதிக் கொண்டுவந்தார்கள், 'ப்ரவுட்' என்று தொடங்கி இந்தச் சொல்லில் முடிவது. பெருமைக்குரிய தையல்காரி என்று அவர்கள் நினைத்தார்கள். தெருவில் வாசிக்கிறவன் பெருமைக்குரிய சாக்கடை என்று வாசிப்பான். ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே இந்தத் தொல்லை தாங்காமல் 'ஸோயிஸ்ட்' என்று புதுச்சொல் ஒன்றைப் புழங்குகிறார்கள். கடைசியில் அந்தப் பெண்களுக்கு ஊசி நூல் படம் போட்டு, 'ஸோ குட்' என்று தையல் ஸோவை வைத்து அடித்துக் கொடுத்தோம். நன்றாகப் போனது.

எழுத்து ஒன்று, ஓசை ஒன்று என்று ஏன் இப்படி ஆனது? ஆங்கில எழுத்து ஒரு பழைய போட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தபோது ஆள் அப்படித்தான் இருந்தார், பிறகு ஆள் மாறினார், போட்டோ மாறவில்லை. திருப்பூரே பேர் வாங்கிய நிட்டிங் என்ற சொல்லில் முன்னால் ஒரு 'கே' நிற்கிறதே, பழைய ஆங்கிலத்தில் அதை 'க்நிட்' என்று கே-யோடு சேர்த்தே சொன்னார்கள். முடிச்சைக் குறிக்கும் நாட் அதன் உடன்பிறப்பு. 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வாய் அந்தக் கே-யைக் கைவிட்டது. நைட் என்ற சொல்லின் நடுவில் வரும் ஜி-ஹெச் கூட ஒரு காலத்தில் ஒலித்ததுதான், நம் ஆய்தத்தைத் தொண்டையில் அழுத்திச் சொன்னால் வருவது போன்ற ஓசை. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியைச் சொல்லும்போது இன்னும் அந்த ஓசை கேட்கும். இங்கிலாந்தில் அது ஒவ்வொரு சொல்லில் ஒவ்வொரு விதமாகக் கரைந்தது. டஃப் என்பதில் 'ஃப்' ஆனது, தோ என்பதில் காணாமல் போனது. அதனால்தான் அந்த ஓ-யு-ஜி-ஹெச் கூட்டம் டஃப், காஃப், த்ரூ, டோ, பவ் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது.

உயிரொலிகளும் சும்மா இருக்கவில்லை. சுமார் 1400க்கும் 1700க்கும் இடையில் நெடில்கள் எல்லாம் வரிசையாக இடம்பெயர்ந்தன. அதற்கு முன் வைன் என்பதை 'வீன்' என்றும் ஹவுஸை 'ஹூஸ்' என்றும் நேமை 'நாம' என்பது போலவும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த நகர்வு நடந்துகொண்டிருக்கும்போதே, 1476இல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்துவிட்டார். அச்சில் வந்த வடிவம் மெல்ல மெல்ல உறைந்தது, வாய் ஓடிக்கொண்டே இருந்தது. காக்ஸ்டன் அதற்கு முன் பெல்ஜியத்துப் பக்கம் ப்ரூஜ் நகரில் இருந்தவர். பேயைக் குறிக்கும் கோஸ்ட் என்ற சொல்லில் ஒரு வேண்டாத 'ஹெச்' ஒட்டிக்கொண்டது அந்தப் பக்கத்து மொழியின் எழுத்துப் பழக்கத்தால் வந்தது என்கிறார்கள்.

இது போதாதென்று படித்தவர்களும் புகுந்து விளையாடினார்கள். கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில் 'பி' என்றுமே ஒலித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்தே கிடையாது. லத்தீனில் 'டெபிட்டும்' என்று இருக்கிறதே என்று அறிவாளிகள் பின்னால் செருகினார்கள். வேடிக்கை என்னவென்றால் ரைம் என்ற சொல்லே இந்தக் கூட்டத்தில் மாட்டியது. ஆர்-ஐ-எம்-இ என்று நேராக எழுதிக்கொண்டிருந்ததை, கிரேக்கத்து ரிதம் என்ற சொல்லின் உறவு என்று எண்ணி நடுவில் ஹெச்-சும் ஒய்-யும் போட்டுவிட்டார்கள். ஒலிக்கு ஒலி பொருந்துவதைச் சொல்லும் சொல்லுக்கே எழுத்து பொருந்தவில்லை.

அதனால் பழைய கவிதையைக் காட்டி "அவர் எழுதலாம், நான் எழுதக்கூடாதா" என்று கேட்காதீர்கள். ஷேக்ஸ்பியர் லவ்வையும் ப்ரூவையும் ஜோடி சேர்த்திருக்கிறார். அந்தக் காலத்து வாய்க்கு அவை ஒத்து ஒலித்தன என்பது பழைய உச்சரிப்பை ஆராய்கிறவர்கள் கருத்து. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் அலெக்சாண்டர் போப், டீ-யை ஒபே என்ற சொல்லோடு ரைமாக வைத்தார், ஏனென்றால் அப்போது அது 'டே'. சீனத்து ஹொக்கியன் பேச்சில் அது 'தே', நம் தேயிலையிலும் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணியிலும் இருப்பது அந்தத் தேதான். இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலக்காரர்களைவிட நாம் பழைய ஓசைக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

அடுத்து, யாருடைய காது என்பதும் முக்கியம். உங்களிடம் வாங்குகிறவர் லண்டனில் இருக்கிறாரா நியூயார்க்கில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து ரைம் பிறக்கும், சாகும். அமெரிக்கர்கள் ஷர்ட், கார்ன் என்பவற்றில் 'ர்' என்பதைத் தெளிவாகச் சுருட்டிச் சொல்வார்கள். தென் இங்கிலாந்தில் அதை விழுங்கிவிடுவார்கள். அதனால் அங்கே ஸாஸும் ஹார்ஸும் ரைம். அமெரிக்காவில் இல்லை, நம்மூரிலும் இல்லை. டொமேட்டோ, பொட்டேட்டோ அமெரிக்காவில் ஜோடி, இங்கிலாந்தில் தக்காளி 'டொமாட்டோ' ஆகிவிடுவதால் கூட்டு முறிந்துவிடும். குழந்தைகள் பாடும் ஏபிசிடி பாட்டின் கடைசி எழுத்தை 'ஸீ' என்று அமெரிக்க வழக்கில் முடித்தால்தான் ஓசை ஒட்டும். 'ஸெட்' என்று முடித்தால் படியில் கால் தவறியது போல இருக்கும்.

இதற்குப் பனியனிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1948ஆம் வருடத்து டி-ஷர்ட் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வாசகம் அச்சடித்த பழைய தேர்தல் பனியன்களில் ஒன்று. நியூயார்க் கவர்னராக இருந்த தாமஸ் டூயி அந்த வருடம் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ட்ரூமனை எதிர்த்து நின்றார். பனியனில் 'டூ இட் வித் டூயி' என்று போட்டார்கள். 'செய்' என்று பொருள்படும் டூ-வை எழுதாமல், பனித்துளியைக் குறிக்கும் சொல்லை எழுதினார்கள், அது அவர் பெயரின் முதல் பாதி. அமெரிக்க வாயில் பனித்துளியும் 'டூ', செய்வதும் 'டூ', ஆகவே சிலேடை கச்சிதமாக உட்கார்ந்தது. இதையே லண்டனில் அடித்திருந்தால் அங்கே பனித்துளி 'ட்யூ', பாதி சிலேடை போயிருக்கும். (டூயி தோற்றுவிட்டார். பனியன் மேல் பழி போடவேண்டாம்.)

ஆரஞ்சுக்கு வருவோம். பொதுவாகப் புழங்கும் சொற்களில் அதற்கு முழு ரைம் இல்லை என்பது சரி. காரணம் மேலே சொன்ன அழுத்த விதிதான். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையிலேயே விழுகிறது, அதனால் 'ஆரிஞ்ச்' என்று தொடக்கத்திலிருந்து முழுச் சொல்லும் ஒத்தாக வேண்டும். வேல்ஸ் நாட்டில் ஆபர்கவென்னி என்ற ஊருக்குப் பக்கத்தில் ப்ளாரெஞ்ச் என்று ஒரு மலை இருக்கிறது, 561 மீட்டர் உயரம். அது சுத்தமாக ஒட்டும். மலைப் பெயரை வைத்து எத்தனை பனியன் விற்பீர்கள்? எமினெம் என்ற ராப் பாடகர் 2010இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஆரஞ்சுக்கு ரைம் இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது என்ற தொனியில் டோர் ஹிஞ்ச், ஸ்டோரேஜ், பாரிட்ஜ், ஜார்ஜ் என்று அடுக்கிக் காட்டினார். எதுவும் முழு ரைம் இல்லை, உயிரை வளைத்துச் சொல்லி ஒட்டவைப்பது. பாட்டில் அது செல்லும், ஏனென்றால் பாடகர் சொல்லிக் காட்டுகிறார். பனியனில் வளைத்துச் சொல்ல ஆள் இல்லை, வாசிக்கிறவர் தன் வாயில்தான் வாசிப்பார்.

பர்ப்பிளுக்கு ஹர்ப்பிள் உண்டு, நொண்டி நடப்பது என்று பொருள், ஸ்காட்லாந்துச் சொல். சில்வருக்கு, பெண் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் இன்னொரு சில்வர் உண்டு, அது 'ச' என்று அழுத்தித் தொடங்கும், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். மந்த் என்பதற்கு எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

ஆனால் ஆரஞ்சைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர மனமில்லை. அந்தச் சொல் நம் பக்கத்திலிருந்து கிளம்பியது. நாரத்தங்காயும் மலையாளத்து நாரங்ஙாவும் நமக்குத் தெரியும். சம்ஸ்கிருத 'நாரங்க' திராவிட மொழியிலிருந்து போயிருக்கலாம் என்பது பல அறிஞர்கள் எண்ணம். அது பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பெயினில் நரஞ்சா. பிரான்சுக்குப் போய்ச் சேரும்போது முன்னால் இருந்த 'ந' உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்துக்குள் வந்த பிறகும் இந்தமாதிரி உதிர்வு பல சொற்களுக்கு நடந்திருக்கிறது. சமையல்கட்டு ஏப்ரன் முதலில் நேப்ரன். 'எ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லி 'அன் ஏப்ரன்' ஆகி, ந பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. ஆரஞ்சு என்ற நிறப்பெயரும் பழத்துக்குப் பின்னால் வந்ததுதான். அதற்கு முன் அந்த நிறத்தையும் சிவப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். மார்பு ஆரஞ்சு நிறமாக இருக்கும் ராபின் குருவிக்கு இன்றுவரை 'சிவப்பு மார்பு' என்றே பெயர்.

டி-ஷர்ட் எழுதும் முறை: பெரிய டி, ஒரு சிறு கோடு, பிறகு ஷர்ட். கையை விரித்து வைத்தால் அந்தப் பெரிய எழுத்தின் வடிவம் வருவதால் வந்த பெயர், ஆகவே சின்ன எழுத்தில் எழுதினால் அர்த்தம் போகிறது. டீ என்று மூன்றெழுத்தாகவும் எழுதலாம், கடைப்பெயருக்கு நன்றாக இருக்கும். ஷர்ட், ஸ்கர்ட் இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள், ஒன்று இங்கிலாந்துக்காரனுடையது, மற்றது வடக்கேயிருந்து படகில் வந்த வைக்கிங்கினுடையது. குட்டையான உடுப்பு என்பதுதான் மூலம். பனியனை ஆங்கிலத்தில் என்னவென்று எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். பனியனே ஆங்கிலம் வழியாக வந்ததுதான். குஜராத்தி வணிகர்களை 'வாணியோ' என்பார்கள், நம் வணிகனோடு உறவுள்ள சொல். போர்த்துக்கீசியர் வாயில் அது பனியன் ஆனது. ஆங்கிலக்காரர்கள் அந்த வணிகர்களுக்கும், அவர்கள் உடுப்பு போன்ற தொளதொளப்பான அங்கிக்கும், அவர்கள் அடியில் கூடிய ஆலமரத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். அங்கி சுருங்கி உள்ளாடையாகி நம்மிடம் வந்தது. இன்று திருப்பூரில் எதைத் தைத்தாலும் அது பனியன் கம்பெனிதான். வெளிநாட்டுக்கு விற்கும்போது மட்டும் அந்தச் சொல்லை எழுதாதீர்கள், ஆலமரம் என்று நினைப்பார்கள்.

ரைம் சரியாக இருந்தும் வரி நொண்டினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கில வரியில் எழுத்தையோ அசையையோ எண்ணாதீர்கள், அழுத்தத்தை எண்ணுங்கள். வாய்விட்டுச் சொல்லி, குரல் ஏறும் இடத்தில் மட்டும் மேஜையைத் தட்டுங்கள். இரண்டு வரியிலும் தட்டு ஒரே எண்ணிக்கையாக இருந்தால் வரி நடக்கும். எங்கே அழுத்தம் என்று சந்தேகம் வந்தால் அகராதியில் சின்னக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை, ஃபொட்டாகிரஃபி என்பதில் இரண்டாவது அசை. சொல் நீண்டதும் அழுத்தம் நகர்ந்து ஓசையே மாறுகிறது பாருங்கள்.

கடைசியாகப் பிழை பார்ப்பது. இதுவரை காதை நம்பச் சொன்னேன், இங்கே அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். வாசகம் எழுதும்போது காது, அச்சுக்குப் பிலிம் போடும் முன் கண். என்ன ஆகும் என்று என் கதையைச் சொல்கிறேன். குழந்தைகள் டி-ஷர்ட், இளஞ்சிவப்பு, 1,200 பீஸ். 'லிட்டில் ஏஞ்சல்' என்று இறக்கை படத்தோடு ஆர்டர். ஆர்ட்வொர்க் என் மேஜைக்கு வந்தது, பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது மாதிரி அச்சு, அடித்துக் காட்டினார்கள், நிறம் சரியா, இறக்கை சரியா என்று நான்கு பேர் பார்த்தோம். எல்லாம் முடிந்து பேக்கிங்கில் மடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "சார், இங்க எல்லு முன்னாடி வந்திருக்கே, சரிதானா?" என்று கேட்டார். கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறி ஏஞ்சல் போய் ஆங்கிள் நின்றது. லிட்டில் ஆங்கிள், சின்னக் கோணம். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை, ஏனென்றால் கோணமும் நல்ல சொல்தானே. என் வாய் ஏஞ்சல் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் கண் அதையே பார்த்துவிட்டது. பிளாஸ்டிசால் மை 160 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேறி இறுகிவிட்டால் அப்புறம் அதை யாரும் எடுக்க முடியாது. முழு லாட்டும் செகண்ட்ஸாக, அதாவது குறையுள்ள சரக்காக, திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்குப் போனது.

பிறகு ஒருநாள் இதே குழப்பம் 1,400 வருடத்துக்கு முந்தையது என்று நினைவு வந்து சிரித்தேன். பீட் என்ற இங்கிலாந்துத் துறவி 731இல் முடித்த வரலாற்றில் ஒரு கதை சொல்கிறார். ரோமாபுரிச் சந்தையில் அடிமைகளாக நின்ற வெளுத்த பையன்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று கிரிகோரி கேட்டாராம். ஆங்கிள் இனத்தவர் என்றார்கள். பொருத்தம்தான், முகம் ஏஞ்சல் போலத்தானே இருக்கிறது என்றாராம். அவரே பின்னாளில் போப் ஆகி அனுப்பிய பாதிரிமார்கள் 597இல் கென்ட் கரையில் இறங்கினார்கள். அந்த ஆங்கிள்களின் பெயரிலிருந்துதான் இங்கிலீஷ் என்ற சொல்லே வந்தது. கம்பெனி முதலாளியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. வாசகத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கி வாசிப்பேன், பொருள் கலைந்துவிடுவதால் கண் ஏமாறாது. அப்புறம் ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத ஒருவரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, ஆர்டர் தாளோடு ஒப்பிடுவேன். தெரிந்தவர் சொல்லைப் பார்ப்பார், தெரியாதவர் எழுத்தைப் பார்ப்பார். பெரிய எழுத்தில் எல்-லும் ஐ-யும் பக்கத்தில் வந்தால் இடைவெளியைக் கவனியுங்கள். பின்னல் துணியில் மை கொஞ்சம் பரவும், இரண்டும் ஒட்டினால் யு போலத் தெரியும். ஃப்ளிக் என்ற அப்பாவிச் சொல் அப்படி ஒட்டிவிட்டால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரும் வீட்டுக்குள் வர முடியாது. சின்ன எழுத்தில் 'இ', 'ஏ' ஆகியவற்றின் வயிறு அடைத்துக்கொள்ளும், அதையும் ஸ்ட்ரைக் ஆஃபிலேயே பாருங்கள். மேலே தொங்கும் அந்தக் காற்புள்ளி (அபாஸ்ட்ரஃபி) விஷயத்தில் ஒரே விதி: விரித்துச் சொல்லிப் பாருங்கள். 'யூ ஆர்' என்று விரிந்தால் புள்ளி வேண்டும், 'உன்னுடைய' என்றால் வேண்டாம். 'இட் இஸ்' என்று விரிந்தால் வேண்டும், 'அதனுடைய' என்றால் வேண்டாம். பன்மைக்கு ஒருபோதும் வேண்டாம்.

இதய வடிவத்தை எப்படி வாசிப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 1970களில் மில்டன் கிளேசர் என்ற வடிவமைப்பாளர் நியூயார்க்குக்கு 'ஐ லவ் நியூயார்க்' சின்னத்தை இதயம் போட்டு வரைந்து கொடுத்ததிலிருந்து அது லவ் என்றுதான் வாசிக்கப்படுகிறது. ஆனால் 'ஹார்ட்' என்றே வினையாகச் சொல்லும் வழக்கமும் பரவி, 2011இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் ரைம் வைக்கும் இடத்தில் இதயத்தைப் போடாதீர்கள், வாசிக்கிறவர் எதைச் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியாது. நியூயார்க் சின்னம் டிரேட்மார்க் ஆனது, அதை அப்படியே அடிக்கவும் வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கும் 60 பீஸுக்கு வருகிறேன். எழுத்துப்பிழை இல்லை, பொருளும் சரி, ரைம் மட்டும்தான் கண்ணோடு நின்றுவிட்டது. விலையைக் குறைக்க வேண்டாம், அப்படியே விற்றுவிடுங்கள். அடுத்த லாட்டுக்கு மூவ் இருக்கட்டும் என்றால் முதல் வரியை க்ரூவ், ப்ரூவ், இம்ப்ரூவ் என்று ஏதாவது ஒன்றில் முடியுங்கள். லவ்வை விட மனசில்லை என்றால் அபவ், டவ், க்ளவ், ஷவ், ஏறக்குறைய அவ்வளவுதான் ஆங்கிலத்தில் இருப்பு. காதல் பாட்டு என்றாலே மேலே வானமும் பறக்கும் புறாவும் வந்துவிடுகிறதே, அதற்குக் காரணம் இந்தப் பஞ்சம்தான். கையுறையை வைத்து இதுவரை யாரும் எனக்கு ஆர்ட்வொர்க் அனுப்பியதில்லை, அதை வேண்டுமானால் முயன்று பாருங்கள்.